ஹெட்லைட் கூச்சத்தை ஒழிக்கக் கிளம்பியவர், உலகத்துக்கு கூலிங் கிளாஸ் கொடுத்த கதை!

கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு லேப்டாப்போ மொபைலோ பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நேராகப் பார்த்தால் திரை பளிச்சென்று தெரியும். தலையைக் கொஞ்சம் சாய்த்தாலோ, போனைப் படுக்கைவசமாகத் திருப்பினாலோ, சில சமயம் திரை மொத்தமும் இருண்டுவிடும். பயப்பட வேண்டாம், போனில் எந்தக் கோளாறும் இல்லை. நீங்கள் போட்டிருப்பது போலரைஸ்டு கண்ணாடி என்று அர்த்தம். திரைக்குள் ஒரு மெல்லிய பிலிம் இருக்கிறது. உங்கள் கண்ணாடிக்குள்ளும் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிலிம் இருக்கிறது. இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக வந்து நிற்கும்போது வெளிச்சம் கடக்க வழியில்லாமல் போய்விடுகிறது. அவ்வளவுதான்.

அந்த பிலிமை முதன்முதலாக உருவாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த எட்வின் லேண்ட். எடுத்த நிமிடத்திலேயே போட்டோ வெளியே வரும் போலராய்டு கேமராவைக் கொடுத்தவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். ஆனால், அவர் தொடங்கியபோது கேமராவும் சரி, கூலிங் கிளாஸும் சரி, அவர் மனதிலேயே இல்லை. 17 வயதில் அவரைத் தூங்கவிடாமல் செய்தது ஒரே ஒரு பிரச்னை: ராத்திரி நேரத்தில் எதிரே வரும் காரின் ஹெட்லைட்!

வீட்டு ஃபியூஸைப் போக்கிய பையன்

1909 மே 7-ம் தேதி, கனெக்டிகட் மாகாணத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் பிறந்தார் எட்வின் லேண்ட். அப்பா பழைய இரும்பு வியாபாரி. தாத்தா காலத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைப்பு தேடி வந்த யூதக் குடும்பம். அக்காவுக்கு எட்வின் என்று வாயில் நுழையாததால், டின் என்று கூப்பிட ஆரம்பித்தாள். வாழ்நாள் முழுக்க நெருக்கமானவர்களுக்கு அவர் டின்தான்.

பொம்மையைவிட வீட்டுச் சாமான்களைப் பிரித்துப் போடுவதில்தான் பையனுக்கு ஆர்வம். ஏதாவது ஒயரை எதிலாவது மாட்டி, வீட்டு ஃபியூஸ் மொத்தத்தையும் போக வைத்த சம்பவங்களும் உண்டு. ஒளியியல் பற்றி ராபர்ட் வுட் எழுதிய தடிமனான பாடப்புத்தகம்தான் அவனுக்குப் பிடித்த வாசிப்பு. ராத்திரி தூங்கும்போதும் அது தலைமாட்டிலேயே இருக்கும்.

கோடை விடுமுறையில் பையன்களை முகாமுக்கு அனுப்புவது அங்கே வழக்கம். அப்படிப்பட்ட ஒரு முகாமில், ஒருவர் மேஜைமேல் விழுந்து கண்ணைக் கூசவைத்த வெளிச்சத்தை, ஒரு படிகத் துண்டின் வழியாகப் பார்க்க வைத்தார். படிகத்தை ஒரு பக்கம் திருப்பினால் பளபளப்பு அப்படியே இருக்கிறது. இன்னொரு பக்கம் திருப்பினால் பளபளப்பு காணாமல்போய், மேஜையின் மரம் தெளிவாகத் தெரிகிறது. மற்ற பையன்களுக்கு அது மேஜிக். டின்னுக்கு அதுவே வாழ்க்கை ஆகிவிட்டது.

அந்தப் படிகம் என்ன செய்கிறது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு கயிறும் ஜன்னல் கம்பியும் போதும். செங்குத்தான கம்பிகளுக்கு நடுவே ஒரு கயிற்றை விட்டு, மேலும் கீழுமாக ஆட்டுங்கள். அலை கம்பியைத் தாண்டிப் போகும். இடமும் வலமுமாக ஆட்டினால், கம்பியில் இடித்து நின்றுவிடும்.

வெளிச்சமும் அலைதான். சூரியனிலிருந்து நேராக வரும் வெளிச்சம் எல்லா திசையிலும் ஆடிக்கொண்டே வரும். ஆனால் அது தார்ரோடு, தண்ணீர், முன்னால் போகும் காரின் பானெட் போன்ற கிடைமட்டமான பரப்பில் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது, பெரும்பாலும் இடவல ஆட்டம் மட்டும்தான் மிஞ்சும். நம் கண்ணைக் கூச வைப்பது அதுதான். செங்குத்துக் கம்பிபோல வேலை செய்யும் ஒரு வடிகட்டியைக் கண்முன் வைத்துவிட்டால், கூச்சம் தரும் வெளிச்சம் நின்றுவிடும். மற்ற காட்சிகள் தெரியும். சாதாரண கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே மாதிரி மங்கலாக்கும். போலரைஸ்டு கண்ணாடி ஆள் பார்த்துத் தடுக்கும். வித்தியாசம் அங்கேதான்.

தத்துவம் 1800-களிலேயே தெரிந்த விஷயம்தான். சிக்கல் என்னவென்றால், அதற்கான படிகம் சின்னதாக, கனமாக, விலை அதிகமானதாக இருந்தது. ஆய்வகத்தில் வைத்து ஆராயலாம். மூக்கில் மாட்டிக்கொள்ள முடியாது.

பிராட்வேயில் கிடைத்த வேலை

1926-ல் லேண்டுக்கு ஹார்வர்டில் இடம் கிடைத்தது. சில மாதங்களிலேயே அங்கிருந்து கிளம்பி நியூயார்க் வந்துவிட்டார். ஒரு ராத்திரி பிராட்வேயில் நடந்துபோகும்போது, எதிரும் புதிருமாகப் பாயும் ஹெட்லைட் வெளிச்சம் அவரை யோசிக்க வைத்தது. அமெரிக்காவில் கார்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. எதிரே வருபவரின் விளக்கில் கண் கூசி, ஒரு நொடி பார்வை போனால் போதும், விபத்துதான்.

ஒவ்வொரு ஹெட்லைட்டுக்கு முன்னாலும் 45 டிகிரி சாய்த்து ஒரு வடிகட்டி. ஒவ்வொரு டிரைவரின் கண்ணுக்கு முன்னாலும் அதே சாய்வில் இன்னொரு வடிகட்டி. என் காரும் எதிரே வரும் காரும் எதிரெதிராகத் திரும்பியிருப்பதால், அவர் விளக்கின் சாய்வும் என் கண்ணாடியின் சாய்வும் குறுக்காக வெட்டிக்கொள்ளும். அவருடைய ஹெட்லைட் எனக்கு மங்கலான ஒரு புள்ளியாகத் தெரியும். என் விளக்கு காட்டும் சாலை எனக்கு நன்றாகவே தெரியும். அவருக்கும் அப்படியே. இருவருமே ஹை பீமை அணைக்க வேண்டியதில்லை!

யோசனை பிரமாதம். ஆனால் அதற்கு, மலிவான, பெரிய, தகடு போன்ற வடிகட்டி வேண்டும். உலகத்தில் அப்படி ஒன்று இல்லை. சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கிவிட்டார் அந்த டீன் ஏஜ் பையன்.

நாய், குனைன், பச்சைப் படிகம்

பகல் முழுக்க நியூயார்க் பொது நூலகம். ராத்திரியானால், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வகத்துக்குள் பூட்டாத ஜன்னல் வழியாக ஏறிக் குதிப்பார். அங்கே இருக்கும் கருவிகளில் பரிசோதனை செய்துவிட்டு வெளியேறிவிடுவார். கூட நின்று உதவியவர் ஹெலன் மெய்ஸ்லன். 1929-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

நூலகத்தில் அவருக்கு ஒரு விநோதமான பழைய செய்தி கிடைத்தது. 1852-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஹெரபாத் என்ற டாக்டரின் மாணவர், குனைன் கொடுக்கப்பட்ட நாயின் சிறுநீரில் அயோடின் விட, பச்சையாகச் சின்னச் சின்னப் படிகங்கள் உருவாயின. ஹெரபாத் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். இரண்டு படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் சில சமயம் வெளிச்சமாகவும், சில சமயம் கறுப்பாகவும் இருந்தது. அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது, வெளிச்சத்தை வடிகட்டும் படிகம் இது என்று. அவரும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் இதைப் பெரிய படிகமாக வளர்க்கப் பல வருடம் முயன்றார்கள். கைக்கு எட்டவே இல்லை. லேசாகத் தொட்டாலே உடைந்துவிடும் படிகம் அது.

லேண்ட் கேள்வியையே மாற்றிப் போட்டார். ஒரு பெரிய படிகம் எதற்கு? கண்ணுக்கே தெரியாத கோடிக்கணக்கான ஊசிகளாகப் பொடித்து, எல்லாவற்றையும் ஒரே திசையில் நிறுத்திவிட்டால் போதுமே!

முதலில் காந்தப்புலத்தில் வைத்து அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தார். வேலை செய்தது. பிறகு அதைவிட எளிமையான வழி கிடைத்தது. ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் கூழில் கலந்து, குறுகலான பிளவு வழியாக அழுத்திப் பிழிந்தார். நம் வீட்டில் இடியாப்பம் பிழிகிற மாதிரிதான். குறுகிய வழியில் நெருக்கிக்கொண்டு வரும்போது ஊசிகள் தாமாகவே ஒரே பக்கம் திரும்பிவிடுகின்றன. காய்ந்ததும் கிடைத்தது ஒரு மெல்லிய தகடு. 1929-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது லேண்டுக்கு வயது 20 நிரம்பவில்லை, அல்லது அப்போதுதான் நிரம்பியிருந்தது என்ற அளவுக்கு இளைஞர்.

அதே வருடம் ஹார்வர்டுக்குத் திரும்பினார். இந்த முறை அவருக்கென்று ஓர் ஆய்வகமே கொடுத்தார்கள். ஆனாலும் பட்டம் வாங்க அவர் காத்திருக்கவில்லை. 1932-ல், அங்கே இயற்பியல் கற்றுக்கொடுத்த ஜார்ஜ் வீல்ரைட்டுடன் சேர்ந்து சொந்தமாக ஆய்வு நிறுவனம் தொடங்கிவிட்டார். அதே ஹார்வர்டு 1957-ல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது தனிக்கதை.

தங்கமீன் செய்த சேல்ஸ்

கார் கம்பெனிகள் யோசித்துக்கொண்டே இருந்தன. அதுவரை சம்பளம் கொடுக்கக் காசு வேண்டுமே? 1934-ல் கேமரா ஃபில்டர்களுக்காக கோடாக் நிறுவனம் ஆர்டர் கொடுத்தது. அடுத்து வந்தது, கண்ணாடி தயாரிக்கும் அமெரிக்கன் ஆப்டிக்கல் நிறுவனத்துடனான பேச்சு.

இந்தச் சந்திப்பு பற்றி இன்றும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. பாஸ்டனில் ஒரு ஹோட்டல் அறையை எடுத்தார் லேண்ட். வெயில் நேராக விழும் ஜன்னல் ஓரத்தில் ஒரு தங்கமீன் தொட்டியை வைத்தார். நிறுவனத்தின் ஆட்கள் உள்ளே வந்ததும், தொட்டியில் மீன் தெரிகிறதா என்று கேட்டார். தண்ணீர் மேல் அடித்த பளபளப்பில் எதுவும் தெரியவில்லை. கையில் ஒரு பிலிம் துண்டைக் கொடுத்தார். அதன் வழியாகப் பார்த்ததும் மீன்கள் தெளிவாக நீந்திக்கொண்டிருந்தன. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. 1935-ல் ஒப்பந்தம் முடிந்தது.

அந்தக் கூலிங் கிளாஸுக்கு வைத்த பெயர் போலராய்டு டே கிளாஸஸ். கவனியுங்கள், பகல் கண்ணாடி! ராத்திரிப் பிரச்னையைத் தீர்க்க வந்தவருக்குச் சோறு போட்டது பகல் வெயில்தான்.

1937-ல் போலராய்டு கார்ப்பரேஷன் பிறந்தது. வால் ஸ்ட்ரீட் முதலீட்டாளர்கள் 3,75,000 டாலர் போட்டார்கள். என்றாவது ஒருநாள் அமெரிக்காவின் ஒவ்வொரு காரிலும் இந்த பிலிம் இருக்கும் என்பதுதான் அவர்களின் கணக்கு. அடுத்த வருடம், 1938-ல், லேண்ட் படிகத்தையே தூக்கிப்போட்டார். பாலிவினைல் ஆல்கஹால் என்ற பிளாஸ்டிக்கை இழுத்து நீட்டி, அயோடின் ஏற்றினார். இழுக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் வரிசையாக நிற்கும். அயோடின் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். படிகங்கள் செய்த வேலையை மூலக்கூறுகளே செய்துவிடும். இன்றைக்கும் போலரைஸ்டு கண்ணாடியிலும் எல்.சி.டி திரையிலும் இருப்பது இந்தக் குடும்பத்து பிலிம்தான்.

டெட்ராய்ட் சொன்ன நோ

சரி, ஹெட்லைட் என்ன ஆச்சு?

கார் கம்பெனிகளின் தலைநகரமான டெட்ராய்டுக்கு லேண்டும் அவர் ஆட்களும் வருடக்கணக்கில் நடந்தார்கள். காட்டிய டெமோக்கள் எல்லாம் சக்சஸ். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கேள்வி. விளக்கின் சூட்டில் பிலிம் தாங்குமா? பிலிம் பாதிக்கு மேல் வெளிச்சத்தைத் தின்றுவிடுமே, இன்னும் பெரிய பல்பு வேண்டாமா? சாலையில் ஏற்கெனவே ஓடும் பழைய கார்களை என்ன செய்வது? நடந்துபோகிறவர் கண்ணுக்கு எந்த வடிகட்டியும் இல்லையே?

சூட்டுப் பிரச்னைக்கு லேண்ட் பதில் கண்டுபிடித்தார். பல்பு பிரச்னைக்கும் வழி இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த ஒரு பிரச்னைக்கு எந்த ஆய்வகத்திலும் பதில் இல்லை. நான் என் காரின் ஹெட்லைட்டில் பிலிம் ஒட்டினால், லாபம் எனக்கு இல்லை, எதிரே வருகிறவருக்கு! அவர் ஒட்டினால்தான் எனக்கு லாபம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒட்டினால் எல்லோருக்கும் நல்லது. ஒருவர் மட்டும் ஒட்டினால் அவருக்குச் செலவு மட்டும்தான் மிச்சம். ஷோரூமில் நின்று கார் பார்ப்பவரிடம், முன்பின் தெரியாத ஒருவர் கண்ணைக் காப்பாற்றக் கூடுதல் காசு கொடுங்கள் என்று எப்படி விற்பது?

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் மறுபடியும் முயன்றார்கள். 1940-களின் இறுதியில் கார் உலகம் கடைசியாகக் கையை விரித்துவிட்டது. 17 வயதில் கண்ட கனவு அதோடு முடிந்தது.

பிறகு வந்த புகழ்

இதற்கிடையில், 1943-ல் சாண்டா ஃபே நகருக்கு விடுமுறைக்குப் போயிருந்தபோது, எடுத்த போட்டோவை உடனே ஏன் பார்க்க முடியாது என்று லேண்டின் 3 வயது மகள் ஜெனிஃபர் கேட்டாள். குழந்தை கேட்ட கேள்விக்கான பதிலை, அன்றைக்கு நடந்துகொண்டே மனதுக்குள் வடிவமைத்துவிட்டார் என்பார்கள். 1947-ல் உடனடி போட்டோவை உலகுக்குக் காட்டினார். 1948 நவம்பரில் பாஸ்டன் கடையில் முதல் கேமரா விற்பனைக்கு வந்தது. ஹெட்லைட் கைவிட்ட கம்பெனியைக் காப்பாற்றியது கேமராதான். 1972-ல் வந்த எஸ்.எக்ஸ்-70 கேமரா உச்சம். 1977-ல் உடனடி சினிமாவுக்காகக் கொண்டுவந்த போலாவிஷன் பெரிய தோல்வி. 1980-களின் தொடக்கத்தில் தான் கட்டிய நிறுவனத்திலிருந்தே விலகினார். ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் ஹீரோக்களில் ஒருவராகக் கொண்டாடியது இவரைத்தான். 535 காப்புரிமைகளைச் சேர்த்துவிட்டு, 1991 மார்ச் 1-ம் தேதி, 81 வயதில் மறைந்தார்.

போர்க்காலத்தில் அவர் நிறுவனம் செய்த இன்னொரு வேலையும் நம் கதைக்கு முக்கியம். வெளிச்சத்துக்கு ஏற்ப இருட்டின் அளவை மாற்றிக்கொள்ளும் ராணுவக் கண்ணாடி அது. ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு பிலிம்கள். திருகைத் திருப்பினால் ஒன்று சுழலும், கண்ணாடி கறுக்கும். எதிர்ப்பக்கம் திருப்பினால் வெளுக்கும். அதைக் கையால் செய்ய வேண்டியிருந்தது. இன்றைக்குத் தானாக நடக்கிறது.

இன்றைய டிரைவிங் கண்ணாடியில் லேண்ட்

வெயில் பட்டால் தானாகக் கறுக்கும் கண்ணாடி 1960-களில் கார்னிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்தது. கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளி உப்புப் படிகங்கள், புற ஊதாக் கதிர் பட்டால் கறுக்கும். நிழலுக்கு வந்தால் தெளியும். அதன் பிளாஸ்டிக் தம்பிகள்தான் இன்று ஆப்டிக்கல்ஸ் கடைகளில் பவரோடு கிடைக்கின்றன.

ஆனால் காருக்குள் உட்கார்ந்ததும் அது ஏமாற்றும். விண்ட்ஷீல்டு புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், சாதாரண ஃபோட்டோக்ரோமிக் லென்ஸ் உள்ளே சரியாகக் கறுக்காது. அதனால்தான், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் கறுக்கிற சாயத்தையும் லேண்ட் வழி வந்த போலரைஸ்டு பிலிமையும் ஒரே லென்ஸில் சேர்த்து, டிரைவிங்குக்கென்றே பவர் கண்ணாடி செய்கிறார்கள். மேகமூட்டத்தில் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். காருக்குள் வெயில் அடித்தால் செம்பு நிறம். வெளியே இறங்கினால் கரும்பழுப்பு.

வாங்குவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

* போலரைஸ்டுதானா என்று சோதிக்க, கடையில் இருக்கும் எல்.சி.டி திரைமுன் கண்ணாடியைப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டால் அசல். எப்படித் திருப்பினாலும் மாறாவிட்டால் வெறும் கலர் கண்ணாடி.
* காரின் டேஷ்போர்டு திரை, மேப் காட்டும் போன் இரண்டையும் கண்ணாடி போட்டபடி பார்த்துவிடுங்கள். சில திரைகள் உங்கள் கோணத்தில் இருட்டாகத் தெரியலாம்.
* கறுத்த லென்ஸ் தெளிய சில நிமிடங்கள் ஆகும். சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் உடனே தெளிந்துவிடாது.
* கடும் வெப்பத்தில் ஃபோட்டோக்ரோமிக் லென்ஸ் குளிர்காலத்தில் கறுக்கும் அளவுக்குக் கறுக்காது. அது கோளாறு அல்ல, அதன் இயல்பு.
* கேட்டகரி 4 என்று குறிக்கப்பட்ட மிகக் கறுத்த கண்ணாடியைப் பகலிலும் டிரைவிங்குக்குப் பயன்படுத்தக் கூடாது.

ராத்திரியில் வேண்டாம், ப்ளீஸ்

எதிரே வரும் ஹெட்லைட் கூசுகிறது என்று ராத்திரியில் போலரைஸ்டு கண்ணாடி மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. லேண்டின் கதை தெரிந்தால் இதைச் செய்ய மாட்டோம். எதிர்க்காரின் விளக்கிலிருந்து நேராக வரும் வெளிச்சம் எல்லா திசையிலும் ஆடிக்கொண்டே வருகிறது. அந்த விளக்கில் பிலிம் இருந்தால்தான், நம் கண்ணாடியால் அதைப் பிரித்துத் தடுக்க முடியும். விளக்கில் பிலிம் இல்லை. அதைத்தான் டெட்ராய்ட் வேண்டாம் என்றுவிட்டதே! ஆக, நாம் போடும் பாதிக் கண்ணாடி ஹெட்லைட்டை மட்டும் குறைக்காது. ஓரமாக நடந்துபோகிறவர், லைட் இல்லாத சைக்கிள், சாலைப் பள்ளம் எல்லாவற்றையும் சேர்த்து மறைத்துவிடும். நைட் டிரைவிங் கண்ணாடி என்று விற்கப்படும் மஞ்சள் கண்ணாடியும் வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்யும். ராத்திரியில் கண் அதிகம் கூசினால், கண் டாக்டரிடம் போய்ப் பவரைச் சரிபாருங்கள். விண்ட்ஷீல்டைச் சுத்தமாகத் துடையுங்கள். ராத்திரிக்குக் கலர் இல்லாத தெளிவான லென்ஸே சரி.

கேமரா வைத்து எதிரே வரும் காரைக் கண்டுபிடித்து, அந்தப் பக்கம் மட்டும் வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும் ஹெட்லைட்கள் சில புதிய கார்களில் வந்துவிட்டன. இப்போதைக்கு அது எல்லோர் வண்டியிலும் இல்லை. ஆனால் லேண்டின் கண்டுபிடிப்புக்கு எது தடையாக இருந்ததோ, அதே விஷயம் நம் எல்லோர் கையிலும் ஒரு சின்ன ஸ்விட்சாக இருக்கிறது. டிம் செய்தால் லாபம் நமக்கு இல்லை, எதிரே வருகிற முகம் தெரியாத ஒருவருக்குத்தான். அவரும் அப்படியே நினைத்து நமக்காக டிம் செய்தால்தான் இருவரும் வீடு போய்ச் சேர முடியும். 1926-ல் பிராட்வேயில் நடந்துபோன அந்தப் பையன் தீர்க்க நினைத்த பிரச்னை, இன்றைக்கு ராத்திரி நாம் வண்டி ஓட்டும்போதும் எதிரே வரும். அப்போது ஒரு விரலால் லோ பீமுக்கு மாறிவிடுங்கள்!